ஒரே ஆட்டத்தில் முடிந்துபோகும் கால்பந்துப் பருவம்

ஐரோப்பியக் கழக அணிகளின் ஆட்டங்களை நள்ளிரவில் கண்விழித்துப் பார்க்கும் நம் மாணவர்களுக்குக் கால்பந்துப் பருவம் என்றால் ஒன்பது பத்து மாதங்கள், நாற்பது ஐம்பது ஆட்டங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் அணிக்கு அச்சொல்லின் பொருள் வேறு. கல்லூரிகளுக்கிடையிலான மண்டலப் போட்டிதான் அதற்குப் பருவம். பெரும்பாலும் தோற்றால் வெளியேற வேண்டிய முறை. முதல் ஆட்டத்தில் தோற்ற அணியின் பருவம் அன்று மாலையே முடிந்துவிடுகிறது. அம்பத்தூரிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ கல்லூரிக்கு வரும் ஒருவர், மூன்றாண்டுப் படிப்பில் மூன்றே போட்டி ஆட்டங்களோடு வெளியேறுவது நடக்கக்கூடியதே.

விளையாட்டில் தோல்வி இயல்புதானே, இதில் சமூகநீதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை ஒரு தாளில் இருக்கிறது. ஒன்றிய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனத்துக்கு ஏற்கப்படும் தகுதிகளுள் ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருப்பது. அதற்கான சான்றிதழைப் 'படிவம் 3' என்பார்கள். ரயில்வே, சுங்கத்துறை முதலியவற்றின் அணிகளுக்கு விண்ணப்பிக்கும் இளைஞரின் கோப்பில் அந்தத் தாளுக்கு மதிப்புண்டு. வில்லிவாக்கத்தை ஒட்டிய ஐ.சி.எஃப் ஆலையின் அணி சென்னை லீக் ஆட்டங்களில் நெடுங்காலமாக ஆடிவருகிறது. மேற்குப் புறநகரின் தலித் குடும்பமொன்றில் ஒருவர் பந்தாடி நிரந்தர வேலை பெறுவது என்பது அந்தத் தலைமுறையின் கடன், வாடகை, தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் மாற்றக்கூடியது. எனவே அந்தச் சான்றிதழுக்குச் செல்லும் பாதை யாருக்கு நீளம், யாருக்குக் குறுக்கம் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

இணைப்புக் கல்லூரி மாணவருக்குப் பாதை நீளம். தம் கல்லூரி மண்டலப் போட்டியில் சில சுற்றுகளாவது நீடிக்க வேண்டும்; தேர்வாளர் கண்ணில் அவர் பட வேண்டும்; பல மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் கல்லூரிகளின் ஆட்டக்காரர்களுக்கு நடுவே பல்கலைக்கழக அணியில் இடம்பெற வேண்டும். அதன்பிறகே தென்மண்டலப் போட்டி. நிகர்நிலைப் பல்கலைக்கழக மாணவருக்கோ அவருடைய வளாகமே ஒரு பல்கலைக்கழகம். அவ்வளாக அணியில் இடம்பிடித்தால் நேராகத் தென்மண்டலப் போட்டிக்குச் செல்லலாம். ஆவடியில் வேல்டெக், மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர், தண்டலத்தில் சவீதா, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா என்று இந்த மேற்குப் பகுதியிலேயே இத்தகைய நிறுவனங்கள் பல. விதி மீறல் எதுவும் இதில் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் போட்டி அமைப்பே அப்படித்தான். நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கட்டணச் சலுகை தந்து சேர்த்துக்கொள்ளும் தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு. அவ்வழியே மேலேறிய ஏழை மாணவர்களை நாம் குறை சொல்லவியலாது. ஆனால் அந்தச் சலுகை உரிமையன்று. நிர்வாகம் கொடுக்கும், நிறுத்தும். முழங்கால் போனால் சலுகையும் போகலாம்.

மறுபுறம், பொதுப் பல்கலைக்கழகம் நலிந்து கிடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் புதிய நியமனம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2024இல் வரி பாக்கியைக் காரணம் காட்டி வருமானவரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளத்துக்கே திண்டாடும் நிறுவனத்தில் விளையாட்டுக்கான செலவு எந்த வரிசையில் நிற்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சரி, ஆட்டக்காரர் உருவாவது எங்கே? பல அரசுக் கல்லூரிகள் இரண்டு சுழற்சிகளாக நடக்கின்றன. அணியில் பாதிப்பேருக்குக் காலை வகுப்பு, பாதிப்பேருக்கு மதியம். பதினொருவரும் ஒன்றாகப் பயிற்சி செய்ய நேரமில்லை. திருவள்ளூர் தடத்து மின்தொடர் வண்டியில் ஊர் திரும்புவதற்குள் இருட்டிவிடும். (இதே தடத்து மாணவர்கள் நாளேடுகளில் 'ரூட்டு தல' மோதல் செய்திகளில் மட்டுமே தலைகாட்டுகிறார்கள். அவர்களுக்காக ரயில் நிலையங்களில் காவலர் நிறுத்தப்படும் வேகத்தில் கல்லூரிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் நியமிக்கப்பட்டதாக நாம் படித்ததில்லை.) ஆகவே கல்லூரி அணி என்பது கல்லூரியில் உருவாவதில்லை. தெருவுக்கு அருகிலுள்ள திடலில், அண்ணன்மார் நடத்தும் உள்ளூர்க் குழுக்களில் உருவாகி, மண்டலப் போட்டி நாளன்று கல்லூரியின் சீருடையை அணிந்துகொள்கிறது.

அந்தத் திடல்தான் மேற்குப் புறநகரின் சிக்கல். துறைமுகம், ரயில்வே பணிமனை, பின்னி ஆலை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த வடசென்னைக்குக் கால்பந்து மரபு வாய்த்தது. வியாசர்பாடி முல்லை நகரிலிருந்து தனபால் கணேஷ் போன்றோர் தேசிய அளவுக்குச் சென்றனர். மேற்கிலும் தொழில் இருந்தது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. ஆனால் ஆவடியின் பெரிய வெளிகள் பாதுகாப்புத் துறை, மத்தியக் காவல் படை ஆகியவற்றின் சுற்றுச்சுவர்களுக்குள் இருக்கின்றன. 1955இல் சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்ட ஊரில், வாயிற்காவலரிடம் அடையாள அட்டை காட்டாமல் நுழையக்கூடிய திடலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சிய மனைகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. கூவக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களைத் திருமழிசைக்கு அருகே கூடப்பாக்கம் போன்ற இடங்களில் குடியமர்த்தியபோது, வீட்டின் சதுர அடி கணக்கிடப்பட்டது. பிள்ளைகள் ஆடிய இடத்துக்கு மாற்று இடம் கணக்கில் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை நினைவுகூர வேண்டும். மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆடுவோரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பது அதன் உள்ளடக்கம். நாளுக்கு இரண்டு மணிநேரம், மாதம் இருபத்தைந்து நாள் பயிற்சி செய்யும் ஒரு மாணவருக்கு அது 6,000 ரூபாய். இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு மாலை ஆடினால் 5,280 ரூபாய். தூய்மைப் பணியாளர், கட்டடத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தத் தொகையைக் கேட்பதும் 'நீ வராதே' என்பதும் ஒன்றே. மார்க்சிஸ்ட் கட்சி உள்ளிட்ட பல தரப்பும் எதிர்த்ததும் ஓரிரு நாளில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. சென்னையின் முதல் தலித் பெண் மேயர் தலைமையேற்ற மன்றத்திலேயே அது நிறைவேறியது. திரும்பப் பெறுவதாக அறிவித்தவரும் அவரே. நிர்வாகத்தின் வருவாய்க் கணக்கு எவ்வளவு எளிதாகப் பிரதிநிதித்துவத்தைக் கடந்து செல்கிறது என்பதற்கும், தெருவில் எழும் குரல் எவ்வளவு விரைவாக அதை நிறுத்தும் என்பதற்கும் இரண்டுக்குமே அது சான்று.

2011 முதல் மாநகராட்சியின் ஏழாவது மண்டலமாக இருக்கும் அம்பத்தூருக்கு அந்தப் போராட்டத்தின் பயன் உண்டு. 2019இல் தனி மாநகராட்சியான ஆவடியும், நகராட்சியான பூந்தமல்லியும் தனித்தனியே முடிவெடுப்பவை. சென்னையில் கைவிடப்பட்ட ஒப்பந்தம் அங்கே வேறு பெயரில் வரத் தடையேதும் இல்லை. கட்டணம் வாங்கும் தனியார் 'டர்ஃப்'கள் புறவழிச் சாலையோரங்களில் ஏற்கெனவே ஒளிர்கின்றன. அவற்றில் ஆடுவோர் பெரும்பாலும் அலுவலகம் முடிந்து வருவோர்.

திடலுக்குள் நுழைவது யார் என்பது இந்திய விளையாட்டின் மிகப் பழைய கேள்வி. இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளரான பல்வங்கர் பாலு, புனேயின் ஐரோப்பியர் ஜிம்கானாவுக்குள் ஆட்டக்காரராக நுழையவில்லை. ஆடுகளத்தைப் பராமரிக்கும் ஊழியராக நுழைந்தார். பயிற்சிக்காக அவர்களுக்குப் பந்து வீசியே கலையைக் கற்றார். இந்து அணிக்காக ஆடியபோது தேநீர் அவருக்குத் தனிக் குவளையில் வந்தது. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் அத்தனை விக்கெட்டுகளை வீழ்த்தியும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிட்டியது. நம் காலத்தில் தனிக் குவளை இல்லை. மணிக்கணக்குக் கட்டணம் இருக்கிறது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தபோது, மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றின் பெயர் முதன்முறையாகப் பெருமையோடு உச்சரிக்கப்பட்டது. பரிசுத்தொகை வந்தது, நல்லதே. பதக்கத்துக்குப் பிறகு வரும் கவனத்தைப் பதக்கத்துக்கு முன்பே கேட்பதற்கு இப்போது சட்ட வழி இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகைப் பங்குக்கேற்ப நிதியைத் தனியே ஒதுக்கிச் செலவிட வழிசெய்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தப் பங்கு பட்டியல் சாதியினருக்கு 20 விழுக்காடு. 2023இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய். சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றோடு திடலையும் இக்கணக்கில் கோரலாம்.

நிலம் எங்கே என்ற பதில் உடனே வரும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளை மேம்படுத்துவோர், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது கட்டட விதி. ஓ.எஸ்.ஆர் நிலம் என்று இதைச் சொல்வார்கள். கட்டடங்கள் பெருகிய அளவுக்கு இந்த நிலங்களும் பெருகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் முழுக் கால்பந்துத் திடலுக்குப் போதாது. ஐவர், எழுவர் ஆட்டத்துக்குப் பல இடங்கள் போதும். பூங்கா என்று வேலியிட்டு, பந்து ஆடத் தடை என்று பலகை வைத்திருப்பவை எத்தனை, நலச்சங்கம் பூட்டுப் போட்டவை எத்தனை, எவர் பயன்பாட்டில் இருக்கின்றன என்ற பட்டியலை ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அம்பத்தூர் மண்டல அலுவலகத்திலும் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். அடுத்த மண்டலப் போட்டி அறிவிப்பு வருவதற்கு முன்பே மாணவர் அமைப்புகள் அந்த மனுக்களைப் போட்டுவிட வேண்டும்.