மறுக்கும் யந்திரம் காரணத்தையும் சொல்ல வேண்டும்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் சிறியதோர் அச்சகம் நடத்திவரும் அண்ணாச்சி ஒருவர், இருபது வருஷ காலமாகத் தாம் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் கொடை நோட்டீஸ்களும் நிறைந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு அவற்றை மாற்றிவிட மூன்று நாள் பிரயத்தனப்பட்டு, காரியம் கைகூடாமற் போகவே, சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார். பழையதில் இருந்தது 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. புதியதில் விண்டோஸ் 11. இரண்டும் ஒரே ரௌட்டரில் இணைந்திருந்தன. கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் கொடுத்தால் நான்கு முறையும் ஒழுங்காக மறுமொழி வந்தது. ஆயினும், புதியதில் ஷேர் செய்துவைத்த ஃபோல்டரைப் பழையதிலிருந்து திறக்க முயன்றால், தங்களுக்கு அனுமதி இல்லாதிருக்கலாம், நிர்வாகியைக் கேட்டுக்கொள்ளவும், குறிப்பிட்ட பெயர் நெட்வொர்க்கில் இப்போது இல்லை என்று ஓர் அறிவிப்பு எழுந்தது.

"ரெண்டும் என் சிஸ்டம்தான தம்பி, நான் யார்ட்டபோய் பெர்மிஷன் கேக்க?" என்றார் அண்ணாச்சி.

அந்த மூன்று நாளில் அவர் செய்து பாராத பரீட்சை இல்லை. கேபிளை மாற்றியிருந்தார், ஃபயர்வாலை அணைத்துப் பார்த்திருந்தார், பாஸ்வேர்டைப் புதிதாக வைத்திருந்தார், யாரோ சொன்னார்கள் என்று இரண்டிலும் வொர்க்குரூப் பெயரை ஒன்றாக்குவதில் ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிட்டிருந்தார். இந்த வொர்க்குரூப் விஷயத்தில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. அது அக்கம்பக்கத்து யந்திரங்களைப் பட்டியலில் காட்டுவதற்கு உதவுமேயன்றி, ஐபி முகவரியைச் சொல்லி நேரே வாசலில் போய் நிற்கிறவருக்கு அதனால் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை.

உண்மைக் காரணம் வேறிடத்தில் இருந்தது. இவ்விரு யந்திரங்களும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளக் கையாளும் எஸ்எம்பி என்னும் நெறிமுறை, 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் வகுக்கப்பட்டது. அதன் வடிவம் ஒவ்வொன்றுக்கும் அத்துறையினர் வழங்கும் பெயரே கிளைமொழி என்ற பொருள்படுவதாகும். சம்பாஷணை தொடங்கும்போது, கேட்க வந்த யந்திரம் தனக்குத் தெரிந்த கிளைமொழிகளை வரிசையாகச் சொல்ல, கொடுக்கவேண்டிய யந்திரம் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012இல் விண்டோஸ் 8 உடன் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டன. எக்ஸ்பியோ முதற்பதிப்பின் கிளைமொழிகளைத் தவிர வேறொன்றும் அறியாது. புதிய யந்திரம் அந்த முதற்பதிப்பைக் காதிலே வாங்குவதில்லை; மறுமொழியாக ஒரு சொல்லும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பேச்சு பாதியில் அறுந்ததை மட்டும் கண்ட பழைய யந்திரம், தன் காலத்தில் தனக்குத் தெரிந்த காரணங்களைக்கொண்டு ஊகித்து, அனுமதி என்றும் நிர்வாகி என்றும் எதையோ சொல்லி வைக்கிறது.

மறுப்பதில் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்னும் நச்சுநிரல், இந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே யந்திரத்துக்கு யந்திரம் தாவி, 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தும், அதைப் போட்டுக்கொள்ளாதவர் எத்தனையோ பேர். அவ்வருஷ இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதற்பதிப்பை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு தொடங்கியதைக் குறைகூற யாருக்கும் மனம் வராது.

என் மனத்தாங்கல் அந்த மௌனத்தைப் பற்றியது. 1971 ஏப்ரலில், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான அபய் பூஷண், அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்தபோது, கோப்பு மாற்றத்துக்கென எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை எழுதினார். அது வளர்ந்து 1985இல் நிலைபெற்ற வடிவத்தைப் பாருங்கள்: எந்தக் கட்டளைக்கும் மூன்று இலக்க எண் ஒன்றும், கூடவே மனிதர் படிக்கும்படியான ஒரு வாக்கியமும் பதிலாக வந்தே தீர வேண்டும். 530 என்றால் உள்நுழையவில்லை; 550 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. யந்திரத்துக்கு எண், மனிதனுக்கு வாக்கியம் என்ற அந்த மரியாதையை அன்றைக்கே சிந்தித்தவர்கள் இருந்திருக்க, இத்தனை வல்லமை பெற்றுவிட்ட இன்றைய யந்திரங்கள், பழைய கிளைமொழியில் ஒருவர் அழைத்தார், ஆபத்தென்று மறுத்தேன் என்று தம் சொந்தக்காரருக்குத் திரையில் ஒரு வரி காட்டலாகாதா? மென்பொருள் ஆக்குவோர் எல்லோரையும் பார்த்துத்தான் இதைக் கேட்கிறேன். ஏனெனில் அந்த ஒரு வரி இல்லாத காரணத்தால்தான் மக்கள் ஃபயர்வாலை அணைக்கிறார்கள், பாஸ்வேர்டை எடுத்துவிடுகிறார்கள், கடைசியில் யாரோ காட்டிய வழியில் முதற்பதிப்பையே திறந்துவிட்டு, பிறகு மூட மறந்து, வருஷக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறார்கள்.

நாங்கள் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பழைய பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தூசி படிந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, அதன் பின்புறத்து 40 ஊசிகளில் ஐடிஇ கன்வர்ட்டரை மாட்டி, பவரையும் தனியே கொடுத்து, யுஎஸ்பி வழியாகப் புதியதில் செருகினோம். சிறு ஜம்பரை முன்னரே மாஸ்டரில் வைத்திருந்தோம்; பவர் கிடைத்ததும் டிஸ்க் சுழலும் ஓசை கேட்டது. அண்ணாச்சி சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எக்ஸ்பி காலத்து ஃபோல்டர்கள் சில அனுமதி கேட்டன. அவற்றைத் தம்முடையவையென்று உரிமை மாற்றிக்கொண்டபின் திறந்தன. எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தோம்.

பிரதி முடிந்து, 2004ஆம் வருஷத்துக் கொடை நோட்டீஸ் ஒன்றைத் திறந்தபோது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக நிரம்பி வந்தன. அவருடைய முகம் வாடிப்போயிற்று. கோப்பு கெடவில்லை. யூனிகோடு பரவுமுன் வழங்கிய தமிழ் ஃபாண்டு ஒன்றில் அடித்தது அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்துவைத்த அந்த ஃபாண்டு புதியதில் இல்லை. இல்லையென்று சொல்லாமல் மென்பொருள் வேறொன்றைப் போட்டுக் காட்டியிருந்தது. பழைய டிஸ்க்கின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதையும் எடுத்துவந்து நிறுவி, கோப்பை மூடித் திறந்தோம். அம்மன் பெயரும், பூசைக்குக் குறித்த நாளும், வரிதாரர் பட்டியலில் காலமாகிவிட்ட அவருடைய தகப்பனார் பெயரும் வரிசையாக எழுந்து வந்தன.