உப்பின் பெயர் பூண்ட ஊன்

ஒரு பொருளின் இயல்பை அதன் பெயரே உரைத்துவிடுதல் உண்டு. இத்தாலியர் ‘சலாமே’ என்றும் பிறர் ‘சலாமி’ என்றும் வழங்கும் ஊனுணவு அத்தகையது. இத்தாலிய மொழியிற் ‘சாலே’ என்பது உப்பு; அதனடியாகப் பிறந்த பெயரே இது. இதனை எவ்வளவு உண்ணலாம் என்பதற்கும் அப்பெயரே அளவுகோல் என்பது எம் கருத்து.

இதன் ஆக்கமுறை நுட்பமானது. பன்றியிறைச்சியையும் கொழுப்பையும் கொத்தி, உப்பு, மிளகு, உள்ளி முதலியன கலந்து, குடலில் அடைத்துக் கட்டித் தூக்குவர். நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்யும். காற்று ஈரத்தை வாங்கும். உப்பும் புளிப்பும் உலர்வும் ஒருங்குகூடி அழுகலைத் தடுக்க, அடுப்பேறாமலே அஃது உண்ணத்தக்கதாகும். குடலில் ஊனடைக்கும் வகையொன்றை உரோமைப் படைவீரர் தென்னித்தாலிய லூக்கானியரிடம் கற்றனர் என, கி.மு. முதலாம் நூற்றாண்டு அறிஞர் வார்ரோ குறித்துள்ளார். எனவே இக்கலை மிகத் தொன்மையானது.

100 கிராம் சலாமியிற் புரதம் 20 கிராமுக்கு மேல் உண்டு. இது காட்டி இதனைச் சத்துணவெனப் போற்றுவார் உளர். அவர் கணக்கின் மறுபாதியையும் நோக்குதல் வேண்டும். அதே அளவிற் கொழுப்பு ஏறத்தாழ 30 கிராம். உப்பு ஏறத்தாழ 4 கிராம். ஒருவர் நாளொன்றிற்கு உண்ணும் உப்பு முழுவதுமே 5 கிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. அதன் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைப்பது என 2015இல் வகுத்துரைத்தது. நாள்தோறும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடற் புற்றுநோயின் அபாயம் 18 சதவீதம் மிகும் என்றும் கணித்தது.

ஆயின், அறவே விலக்குதல்தான் முடிபோ? அன்று. இத்தாலியரின் பழைய சமையல் வேறு வழி காட்டுகிறது. கலாப்ரியாவில், செம்மிளகாய் சேர்ந்த மென்மையான ‘என்டூயா’வைத் தக்காளிச் சாற்றிற் சிறிதே கரைப்பர், ஒரு கரண்டி சட்டி முழுவதையும் மணக்கச் செய்யும். நேப்பிள்ஸ் நகரத்தார் உயிர்த்த ஞாயிற்றுக்கெனச் சுடும் ‘கசத்தியெல்லோ’ என்னும் பாணிற் சலாமித் துண்டுகளைப் பொதிவர். தொஸ்கானாவிற் பெருஞ்சீரகம் கமழும் சலாமியை மெல்லிதாகச் சீவிப் பாணுடன் உண்பர். இங்கெல்லாம் வயிற்றை நிரப்புவன மாவுணவுகளே. ஊன் அவற்றிற்குத் தொடுகறி. ஒரு பன்றியின் ஊனைப் பல மாதம் வைத்துண்ட உழவர்க்கு இச்சிக்கனம் இயல்பாயிற்று. மலிவும் மிகுதியும் வந்த பின்னரே தொடுகறி தட்டின் நடுவிடத்தைப் பற்றிக்கொண்டது.

உப்பைப் பிடி பிடியாக அள்ளி உண்பார் எவருமிலர். உப்பின் பெயர் பூண்டதனையும் அவ்வாறே கொள்க.