ரோசன்கோர்டுக்கு யார் வைத்த பெயர்?

சுவீடனின் மால்மோ நகரிலுள்ள ரோசன்கோர்டை 'முஸ்லிம் பகுதி' என்று இனவாதி எழுதினால் கொதிக்கிறோம். அதே பெயரை நமது எழுத்தாளர்களும் பெருமையோடு எழுதுகிறார்கள். இதை நான் மறுக்கிறேன்.

அந்தத் தொடர்மாடிகள் முஸ்லிம்களுக்காக எழுந்தவையல்ல. 1965 முதல் பத்தாண்டுகளில் பத்து இலட்சம் வீடுகள் கட்ட முனைந்த அரசின் காலத்தவை. சுவீடன் தொழிலாளர் குடும்பங்களை எண்ணிக் கட்டியவை. வசதி வந்தோர் தனிவீடு தேடிப் போயினர். அவ்விடத்துக்கு யூகோஸ்லாவியத் தொழிலாளர் வந்தனர். லெபனானிலும் பொஸ்னியாவிலும் ஈராக்கிலும் போர் துரத்தியோர் வந்தனர். ஆனால் கொக்கும்ஸ் தளத்தில் வணிகக் கப்பல் கட்டுவது 1980களிலேயே நின்றுவிட்டது. அதன் இராட்சதப் பாரந்தூக்கி 2002இல் தென்கொரியாவுக்குப் போயிற்று. தொழில் வெளியேறிய நகருக்கு மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். ரோசன்கோர்டின் கதை இதுதான்.

2008இல் நிலக்கீழ்த் தொழுகையிடமொன்று மூடப்பட்டபோதும், 2020இல் மால்மோவில் குர்ஆன் எரிக்கப்பட்டபோதும் அத்தெருக்களில் தீ எழுந்தது. குர்ஆனை எரித்தது அயோக்கியத்தனம். அதில் இரு கருத்தில்லை. ஆனால் அந்த இரவில் சிலர் யூதருக்கெதிராகக் கோஷமிட்டார்களே, அதைக் கண்டித்து நம்மவர் கவிதையில் ஒரு வரி உண்டா? இனவெறுப்பைச் சுமந்து பழகிய சமூகம் இதில் மௌனம் காக்கலாமா?

வேலையின்மை, நெரிசலான வீடு, பாடசாலை எதையும் பேசாமல் மார்க்கத்தை மட்டும் பேசுவது அவ்விளைஞர்களுக்குச் செய்யும் உதவியல்ல. இனவாதி எழுதிய பெயர்ப்பலகையை நாமே தூக்கிப் பிடிப்பதாகும்.