தேன்சிட்டு: முருங்கை மரமும் மழைக்காடும்

ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரிய பறவை. ஏறத்தாழ 360 இனங்கள் இருந்தும் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சி, பார்ப்பவரை ஹம்மிங்பேர்டு என்று எண்ணவைப்பது பெரும்பாலும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஓர் அந்துப்பூச்சிதான்.

ஹம்மிங்பேர்டின் வேலையை இங்கே செய்யும் பறவை தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு உழவாரனுக்கு உறவு. தேன்சிட்டோ சிட்டுக்குருவி வரிசையைச் சேர்ந்தது. தேனை நம்பிய பிழைப்பு இரண்டுக்கும் ஒல்லியான நீண்ட அலகையும் குழல்போன்ற நாக்கையும் மினுங்கும் இறகையும் தந்திருக்கிறது. ஆனால் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்தே குடிக்கும். சிறகடித்து நிற்பது சில நொடிகளே.

கோவைச் சரவணம்பட்டியில் முருங்கை பூத்தால் காலையிலேயே ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும் வந்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஊதாத் தேன்சிட்டின் ஆண் கருநீலமாகப் பளபளக்கும். பருவம் முடிந்ததும் பெண்ணைப்போல மங்கி, தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். ஊதாப்பிட்டின் ஆணுக்கு இந்த உடைமாற்றம் இல்லை.

காட்டுக்குரியது சிறிய தேன்சிட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இது, சிறுவாணி, வால்பாறைப் பக்கத்து ஈரக்காடுகளில் வாழ்கிறது. நீளம் சுமார் 8 செ.மீ. 1832-ல் இதை விவரித்த பறவையியலாளர் சைக்ஸ் ‘மிகச் சிறியது’ என்னும் பொருளில் ‘மினிமா’ என்று பெயரிட்டார். ஆணின் உச்சந்தலை பச்சையாக மினுங்கும். முதுகு செஞ்சிவப்பு, வயிறு வெளிர்மஞ்சள்.

இலையடர்ந்த காட்டில் இதைத் தேடி அலைவதைவிட, பூத்த மரம் ஒன்றின் அருகே அசையாமல் நிற்பதே பலன் தரும். முதலில் கீச்சொலி கேட்கும், பிறகுதான் பறவை தென்படும். புல்லுருவி படர்ந்த கிளை நல்ல இடம். தேன்சிட்டு அலகால் அழுத்தியதும் புல்லுருவியின் முதிர்ந்த மொட்டு பட்டென்று வெடிக்கும்; மகரந்தம் நெற்றியில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும்.

தேன்சிட்டுக் கூட்டைக் கட்டுவது பெண்தான். நார், காய்ந்த இலைத்துணுக்கு, பட்டைச் சிராய் எல்லாவற்றையும் சிலந்திநூலால் பிணைத்துப் பைபோலத் தொங்கவிடும். வாசல் பக்கவாட்டில் இருக்கும். பெரும்பாலும் 2 முட்டைகள். தேனில் புரதம் குறைவு என்பதால் குஞ்சுகளுக்குச் சிலந்தியும் சிறு பூச்சியுமே முக்கிய இரை. கூட்டருகே ஆள் நின்றால் தாய் இரையோடு வெளியிலேயே காத்திருக்கும். அதனால் கூட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பதே முறை.