வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

மாங்குளத்தில் கண்டி வீதியின் விளக்குகளை விட்டு ஒரு கூப்பிடு தூரம் விலகி நடந்தால், இரவு வானம் தன் முழுக் கோலத்தையும் காட்டும். அத்தகைய ஊரில் வளரும் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதில் வியப்பில்லை. அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தாம் எடுத்த படமொன்றை நம்மிடம் கொண்டு வந்தார். இரவிலன்று, பட்டப்பகலில் எடுத்த படம். ஆயினும் அதில் வானம் மையைப் போல் கறுத்திருந்தது. மரங்களோ பனி போர்த்தவை போல் வெளுத்து நின்றன. அக் கருமையின் நடுவே நீண்ட வெள்ளைப் புள்ளியொன்று மிதந்தது.

"இது பறக்கும் தட்டாக இருக்குமோ?" என்பது அவர் வினா. அவருடைய அம்மம்மாவுக்கோ வேறு நினைவு. "என்ன தம்பி, வண்டோ?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டாராம். போர்க்காலத்தில் ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னி மக்கள் இட்ட பெயர் அது. ஒரே புள்ளி ஒருவருக்கு விந்தையையும் மற்றவருக்கு அச்சத்தையும் தந்தது. ஆகவே அதனை ஆராய்வது நம் கடனாயிற்று.

மாணவர் பயன்படுத்தியது செங்கீழ்க் கதிருக்கென மாற்றப்பட்ட பழைய கமரா. தமிழகத்தார் இக் கதிரை அகச்சிவப்புக் கதிர் என்பர். 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் சூரிய ஒளியை அரியத்தினால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளி தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் வெப்பம் ஏறியது. அதுவே இக் கதிர். நமது கண்ணின் ஆற்றல் ஏறத்தாழ 700 நனோமீற்றர் அலைநீளத்துடன் நின்றுவிடும். கமராவின் சிலிக்கன் உணரியோ ஏறத்தாழ 1,100 நனோமீற்றர் வரை உணர வல்லது. படத்தின் நிறம் கெடாதிருக்க, உற்பத்தியாளர் உணரியின் முன்னே ஒரு வடிகட்டிக் கண்ணாடியைப் பொருத்துகின்றனர். அதனைக் கழற்றி, கண்காணும் ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை வைப்பதே இம் மாற்றம். கமராவினுள்ளே மின் தேங்கி நிற்கும் உறுப்பும் உண்டாதலின், இவ்வேலையைக் கைதேர்ந்தவரிடமே விட வேண்டும்.

வீட்டிலேயே இதனைச் சோதிக்க விரும்புவோர், தொலைக்காட்சி றிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துக. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளிப்பொட்டு பல கைப்பேசிகளின் திரையில் மினுங்கும்.

பச்சை இலை இக் கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும்; தெளிந்த வானம் இதனைச் சிறிதளவே சிதறடிக்கும். ஆதலின் மரம் வெளுக்கும், வானம் கறுக்கும். கரும்பலகையில் சுண்ணக்கட்டி போல, வெயில் பட்ட பறவையும் தும்பியும் இலவம் பஞ்சும் அக் கருமையில் துலங்கும். பறக்கும் தட்டைத் தேடுவோர் இக் கமராவை விரும்புவதும் இதனாலேயே, ஏமாறுவதும் இதனாலேயே. 1957, 1958 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ட்ரெவர் ஜேம்ஸ் கொன்ஸ்ரபிள் என்பவர் செங்கீழ்க் கதிர்ப் படச்சுருளைப் பயன்படுத்தி, கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் வானில் உலவுகின்றன என்று நூலே எழுதினார். அறிவியலுலகம் அதனை ஏற்கவில்லை.

அரசாங்கங்களின் கருவிகளும் இதற்கு விலக்கல்ல. 2004 மார்ச் 5 ஆம் நாள் மெக்சிக்கோ விமானப் படையின் கண்காணிப்பு விமானமொன்றில் இருந்த வெப்பக் கமரா 11 ஒளிகளைப் பதிவு செய்தது. விமானத்திலிருந்தோர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உலகம் வியந்தது. பின்னர் கமரா நோக்கிய திசையை நிலப்படத்துடன் ஒப்பிட்டு ஆராய்ந்தோர், கம்பேச்சே வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளில் எரியும் சுடர்களுடன் அவை பொருந்துவதைக் காட்டினர். கமரா பொய் சொல்லவில்லை. பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

1956 முதல் நம் நாட்டில் வாழ்ந்து 2008 இல் கொழும்பில் மறைந்த ஆதர் சி. கிளார்க்குக்கும் ஓர் அனுபவம் உண்டு. 1964 மே மாதத்தில் நியூ யோர்க்கில், திரைப்பட நெறியாளர் ஸ்ரான்லி குப்ரிக்குடன் நின்றபோது வானில் ஓர் ஒளி நகரக் கண்டார். செய்தித்தாளின் செய்மதி அட்டவணையில் அந்த நேரம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. விசாரித்தபோது அது எக்கோ 1 என்று தெளிவாயிற்று. 1960 இல் ஏவப்பட்ட, 30 மீற்றர் விட்டமுள்ள பளபளப்பான பலூன் செய்மதி அது. அத்தகைய அறிஞரே விசாரித்து அறிந்தார் எனில், நாம் விசாரிக்க வெட்குவானேன்?

மாணவருக்கு நாம் கூறியது இதுவே: அதே இடத்தில், அதே நேரத்தில் கமராவை அசையாமல் நிறுத்துக. ஒரு படமன்று, தொடர்ந்து பல படங்கள் எடுக்குக. அருகே சாதாரணக் கமரா ஒன்றையும் வைக்குக. நேரத்தையும் திசையையும் குறித்துக் கொள்க. அவர் மூன்று மாலைகள் அவ்வாறே செய்தார். வெள்ளைப் புள்ளி மறுபடியும் வந்தது. அடுத்தடுத்த படங்களில் அதற்குச் சிறகு விரிந்தது. சாதாரணக் கமராவில், குளத்தை நோக்கிச் செல்லும் கொக்கு தெரிந்தது.

முதற் படத்தில் இருந்ததும் கொக்கே என்று அறுதியிட்டுக் கூற இயலாது. தனியொரு படம் அவ்வளவு சான்று தராது. 'பெரும்பாலும் கொக்கு' என்று மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதினார். அவ்வாறு எழுதியமைக்காக அவரைப் பாராட்டினோம்.

இம் மண்ணில் வானத்தைப் பார்த்துப் பதுங்கக் கற்ற தலைமுறை ஒன்று உண்டு. அதன் அச்சம் நகைப்புக்குரியதன்று, அனுபவம் தந்தது. இளையோர் அதனைப் பழிக்காது, தாம் கண்டறிந்ததைப் பொறுமையுடன் எடுத்துக் காட்ட வேண்டும். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த அம்மம்மா, "கொக்குத்தான்" என்றாராம். பின்னர், "நாளைக்கும் வருமோ?" என்று கேட்டாராம்.