டப்பாவுக்கும் ஒரு முகம் வேண்டும்

நண்பர்களே, நீங்களும் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சின்ன வகுப்பிலிருந்தே படிக்கிறோம். ஆனால் நாம் செய்கிற அறிவியல் மாடல்களில் அகம் மட்டும்தான் இருக்கிறது, முகம் இருப்பதே இல்லை. ஷூ டப்பாவில் நாலு ஓட்டை போட்டு, ஒயரை வெளியே தொங்கவிட்டு, மேலே ஒரு பெயர்ச் சீட்டு ஒட்டினால் மாடல் ரெடி. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இப்போது என் கருத்து மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதைச் சொல்கிறேன், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

போன விடுமுறையில் ஒரு சின்ன சிந்தசைசர் கிட் வாங்கினேன். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்து போய் வாங்கியது. உள்ளே 555 ஐ.சி. இரண்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், மூன்று திருகுகள், ஒரு சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு கிளிப். 555 என்பது 1971-ல் ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் வடிவமைத்த ஐ.சி. 50 வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றைக்கும் கடையில் கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

என் திட்டம் இதை வைத்து வெறும் கீச் கீச் சத்தம் போடுவது இல்லை. என் பாட்டிக்கு ஒரு சுருதிப் பெட்டி செய்ய வேண்டும் என்பது. பாட்டி மயிலாப்பூரில் வீட்டிலேயே பாட்டுக் கிளாஸ் எடுப்பவர். சாயங்காலம் ஆறேழு பிள்ளைகள் வருவார்கள். துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டியைக் கையால் அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வலி வந்துவிட்டது. கண் பார்வையும் குறைந்துகொண்டே வருகிறது. விளக்கு போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. "இனிமே கிளாஸை நிறுத்திடலாமான்னு பாக்கறேன்டா" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

சால்டரிங் எல்லாம் முடிந்தது. முதல் 555 ஷட்ஜம், இரண்டாவது பஞ்சமம். கிட்டோடு வந்த ஸ்டிக்கரை மேலே ஒட்டினேன். அதில் ஆங்கிலத்தில் மூன்று வார்த்தை: 'ஃப்ரீக் 1', 'ஃப்ரீக் 2', 'வால்'. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வாலா? குரங்குக்குத்தானேடா வால் இருக்கும்!" என்று சிரித்தார். வால்யூம் என்பதன் சுருக்கம் என்று நான் விளக்கினேன். விளக்கி முடித்த பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் நின்று நான் விளக்கினால்தான் இயங்கும் பெட்டி, நான் பள்ளிக்கூடம் போனபின் அவருக்கு எப்படிப் பயன்படும்?

சரி, முகப்பை நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஒரு அலுமினியத் தகடு. முதலில் அதே அளவில் அட்டை வெட்டி, அதில் திருகுகளை வைத்துப் பார்த்தேன். பாட்டியின் விரல் மொத்தமும் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டேன். அப்புறம் ஆணியால் குழி அடித்து, 7 மி.மீ. துளை போட்டேன். குழி அடிக்காமல் டிரில் வைத்தால் தகட்டில் வழுக்கி ஓடும், என் முதல் தகடு அப்படித்தான் வீணாப்போச்சு. கருப்புப் பெயின்ட் அடித்து, வண்டி நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் மஞ்சள் எழுத்தில் வெட்டி வாங்கினேன். சுருதி, பஞ்சமம், ஓசை. இவ்வளவுதான் வார்த்தைகள். சுருதித் திருகைச் சுற்றி 1 கட்டையிலிருந்து மேல் 1 கட்டை வரைக்கும் கோடுகள். பாகைமானி வைத்து 300 பாகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, 25 பாகைக்கு ஒரு கோடு. பார்க்கக் கடையில் வாங்கின சாமான் மாதிரியே இருந்தது.

பாட்டி தன்னுடைய 4½ கட்டையில் வைத்தார். அது சரியாக நடுக்கோடு. இரண்டு விநாடி கேட்டார். "இது நாலரை இல்லடா. நாலு."

"இல்ல பாட்டி, கோடு நாலரையிலதான் இருக்கு."

"கோடு பொய் சொல்றது."

அவர் சொன்னதுதான் சரி. நான் அப்புறம் அளந்து பார்த்தேன். 1 கட்டை என்பது கீழே 130.8 ஹெர்ட்ஸ். 4½ கட்டை 185 ஹெர்ட்ஸ் வர வேண்டும். என் பெட்டி நடுக்கோட்டில் கொடுத்தது சுமார் 174. அது அச்சு அசல் 4 கட்டை.

ஏன் இப்படி? 555-ல் மின்தடை குறைந்தால் அதிர்வெண் கூடும். என் திருகு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும்போது மொத்த மின்தடை பாதியாகிறது, அதிர்வெண் இரண்டு மடங்காகிறது. ஆனால் பாதி தூரத்தில் மின்தடை முக்கால்தான். முக்காலின் தலைகீழ் மூன்றில் நாலு. ஷட்ஜத்துக்கு மூன்றில் நாலு பங்கு என்றால் அது சுத்த மத்தியமம், அதாவது 1 கட்டைக்கு மேலே 4 கட்டை. கணக்கு மிகச் சரியாக வேலை செய்தது. தவறு சர்க்யூட்டில் இல்லை, நான் வரைந்த முகத்தில்தான் இருந்தது.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த வீணையைக் காட்டி, "இதுல மெட்டெல்லாம் சம தூரத்துலயாடா இருக்கு?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். நண்பர்களே, இத்தனை வருஷம் அந்த வீணை வீட்டில் இருக்கிறது, நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. 24 மெட்டுகளும் மேலே போகப்போக நெருங்கிக்கொண்டே வருகின்றன. கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும் என்று சோனாமீட்டர் பாடத்தில் படித்தோமே, அதே விதிதான். வீணையில் நீளம், என் டப்பாவில் மின்தடை. வீணை செய்கிறவர்கள் மெழுகில் மெட்டு பதிக்கும்போது காதால் கேட்டுத்தான் இடம் வைக்கிறார்கள். பாகைமானி வைத்துச் சமமாகப் பிரிப்பதில்லை.

நானும் எல்லாக் கோட்டையும் சுரண்டி எடுத்தேன். பாட்டி ஒவ்வொரு கட்டையாகப் பாடிக் காட்ட, திருகை மெல்லத் திருப்பி, சேர்ந்த இடத்தில் பென்சிலால் குறித்தேன். கீழ்ப் பக்கம் கோட்டுக்குக் கோடு சுமார் 34 பாகை, மேல் பக்கம் 18. 4½ கட்டை நடுவிலிருந்து 26 பாகை தள்ளிப் போய் உட்கார்ந்தது. கடைசியாக அந்த இடத்தில் பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். தடவினாலே தெரியும், கண் வேண்டாம். இப்போது பாட்டி இருட்டிலும் வைக்கிறார். கிளாஸ் நடக்கிறது.

இதில் என்ன கருத்து இருக்கிறது என்று கேட்பீர்கள். இனிமேல்தான்.

இதே பெட்டியை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். நடுவர் வந்தார். பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். சால்டரிங் பார்த்தார், 555-ன் கால்களைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், மார்க் போட்டார், போய்விட்டார். ஒரு திருகைக்கூடத் திருப்பவில்லை. "முகப்பு நல்லாருக்கு சார்" என்று என் நண்பன் இழுத்ததற்கு, "டெக்கரேஷனுக்கு மார்க் கிடையாதுப்பா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

ஆனால் நான் கேட்கிறேன். அந்த 26 பாகை டெக்கரேஷனா? எழுத்தின் அளவும், மஞ்சளும் கருப்பும், பொட்டும் டெக்கரேஷனா? அவை இல்லாவிட்டால் சர்க்யூட் எவ்வளவு சரியாக இருந்தாலும் பாட்டிக்கு அது ஒரு சத்தம் போடும் டப்பாதான்.

உலகத்தில் பெரிய கருவிகளும் முகத்தால்தான் வாழ்ந்தன. 1970-ல் வந்த மினிமூக் சிந்தசைசரின் படத்தைப் பாருங்கள். ஒலி பிறக்கும் இடம் இடது பக்கம், கலக்கும் இடம் நடுவில், வடிகட்டும் இடம் அதற்கு அடுத்து, வெளியே போகும் இடம் வலது ஓரம். புத்தகம் படிப்பது மாதிரி இடமிருந்து வலமாகப் படித்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும். 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ். 7 ஒலியில் சூரன். ஆனால் முகத்தில் வரிசையாகப் பொத்தான்களும் ஒரு குட்டித் திரையும்தான். அதில் புது ஒலி உண்டாக்குவது கஷ்டம் என்று பெரும்பாலோர் கம்பெனி வைத்த ஒலிகளையே வாசித்தார்கள். உள்ளே கடல் மாதிரி சக்தி இருந்தும் வாசல் குறுகலாகிவிட்டது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1979-ல் பெங்களூரில் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கிய ராடெல் நிறுவனர் ஜி. ராஜ் நாராயண் பொறியாளர் மட்டுமில்லை, புல்லாங்குழல் கலைஞரும்கூட. வாசிப்பவரே செய்ததால் வாசிப்பவரின் கைக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மார்கழியில் எந்த சபாவுக்குப் போனாலும் மேடையில் பாடகர் பக்கத்தில் அந்த மாதிரி ஒரு பெட்டியைப் பார்க்கலாம்.

மறுப்புகளும் எனக்குத் தெரியும். ஒன்று, "செல்போன்லயே சுருதி ஆப் ஓசியா கிடைக்குதே, இது எதுக்கு?" கிடைக்கிறது, உண்மைதான். பாட்டியிடமும் போட்டுக் கொடுத்தேன். வழவழ கண்ணாடியில் தடவிப் பார்க்க எதுவும் இல்லை. வர்ணம் பாடும்போது நடுவில் போன் வரும். தவிர, ஆப் எனக்கு வீணை மெட்டின் ரகசியத்தைச் சொல்லித் தந்திருக்காது.

இரண்டு, "முகத்துக்கு மார்க் கொடுத்தால் காசு இருக்கிறவன் கடையில் செய்து வாங்கி வந்துவிடுவான்." இது நியாயமான பயம். எங்கள் இயற்பியல் சாரும் இதைத்தான் சொன்னார். அதனால்தான் அழகுக்கு மார்க் கேட்கவில்லை நான். உண்மைக்கும் உபயோகத்துக்கும் கேட்கிறேன். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாலும் சரியாக எழுதியிருந்தால் முழு மார்க். லேசரில் வெட்டிப் பளபளவென்று இருந்தாலும் கோடு பொய் சொன்னால் பூஜ்யம்.

ஆகவே நம் பள்ளிக் கண்காட்சிக்கு என் யோசனை இது. 100-ல் 20 மார்க் முகப்புக்கு ஒதுக்க வேண்டும். மூன்றே சோதனை. முதலாவது, அந்த மாடலைப் பார்த்தே இராத ஒருவர், செய்தவன் வாயைத் திறக்காமல் நிற்க, ஒரு நிமிஷத்தில் இயக்க முடிகிறதா? இரண்டாவது, முகத்தில் எழுதியிருக்கும் அளவும் உள்ளிருந்து வரும் அளவும் ஒன்றா? மூன்றாவது, யாருக்காகச் செய்தானோ அவருடைய மொழியிலும், அவர் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ற மாதிரியும் இருக்கிறதா? வார்த்தைக்குத் தமிழாசிரியர்களிடம் போகலாம். 'ஓசை' என்ற இரண்டெழுத்து அப்படிக் கேட்டுத்தான் கிடைத்தது.

சர்க்யூட் முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லை. உள்ளே தப்பாக இருந்தால் வெளியே என்ன எழுதினாலும் வீண். ஆனால் உள்ளே சரியாகச் செய்துவிட்டு வெளியே பொய் எழுதினவன் நான். அதைக் கண்டுபிடித்தது மல்டிமீட்டர் இல்லை, கண் மங்கிய ஒரு பாட்டியின் காது. அப்படிப்பட்ட ஒருவர் வந்து திருகைத் திருப்பிப் பார்க்காதவரை எந்த மாடலும் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது என்பதே என் கட்சி.

எதிர்க் கட்சிக்காரர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். இந்தத் தாளிலேயே பேனாவால் கிறுக்க வேண்டாம், ப்ளீஸ். இதை எழுத இரண்டு ராத்திரி ஆச்சு!

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்