தேனிலவுத் தீவுகளில் வாழ்பவர்கள்

மாலத்தீவின் முதல் சுற்றுலா விடுதியான குரும்பா 1972 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அதில் 30 அறைகளே இருந்தன. தலைநகர் மாலேக்குப் பக்கத்தில், யாரும் குடியிராத ஒரு சிறு தீவில் அதைக் கட்டினார்கள். குடியிருப்பில்லாத தீவாகத் தேர்ந்தெடுத்ததே பின்னர் நாட்டின் கொள்கையாகவும் ஆனது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி. அங்கே வெளிநாட்டு விருந்தினர்களும் ஊழியர்களும் மட்டும். மாலத்தீவு மக்கள் வாழும் சுமார் 200 தீவுகள் வேறு. சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் தீவுகள் வேறு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமல் பல ஆண்டுகள் ஓடின.

தேனிலவு என்றதும் இன்று இளம் தம்பதிகளின் மனத்தில் எழும் படம் அந்தக் கொள்கையில் பிறந்ததுதான். வெண்மணல், சாய்ந்த தென்னை, இருவரைத் தவிர ஆளரவமே இல்லாத கரை. அந்தப் படத்தில் தவறாமல் இடம்பெறும் வாட்டர் வில்லா மாலத்தீவில் தோன்றியதே அல்ல. 1967இல் பிரெஞ்சு பாலினேசியாவின் ராயதேயா தீவில், தங்கள் விடுதிக்கு நல்ல மணற்கரை வாய்க்காத குறையைத் தீர்க்க, கடலுக்கு மேல் கால் நட்டு அறைகள் கட்டினார்கள் மூன்று அமெரிக்கர்கள். அந்த யோசனைதான் கடல் தாண்டி வந்து மாலத்தீவின் முகவரியாகிவிட்டது. மாலத்தீவுக்காரரின் வீடு வேறு மாதிரி. பவளக்கல் சுவர், கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம், குடும்பமே சாய்ந்து ஆடும் 'உந்தோலி' என்ற ஊஞ்சல். இதைப் பார்க்காமலேயே மாலத்தீவு போய்வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

புதுமணத் தம்பதி தனிமையைத் தேடுவதில் பிழை ஏதுமில்லை. கல்யாண வீட்டின் சந்தடி, விருந்துக்கு அழைக்கும் உறவுகள், ஓயாத கைப்பேசி ஆகியவற்றிலிருந்து விலகி இருவர் மட்டும் பேசிக்கொள்ளக் கிடைக்கும் நாட்கள் அருமையானவை. ஆனால் ஐந்து நாளையும் ஒரே விடுதித் தீவில் கழிப்பதுதான் தேனிலவு என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. பாதி நாட்களை மக்கள் வாழும் தீவிலும் மீதியை விடுதியிலும் கழிப்பது செலவிலும் அனுபவத்திலும் மேலானது. உள்ளூர்க் குடும்பங்களின் கைக்குப் பணம் போய்ச் சேரும் வழியும் அதுவே.

இதற்கு வழி திறந்தது 2009-10 வாக்கில். 2008இல் பல கட்சித் தேர்தல் மூலம் அதிபரான முகமது நஷீதின் ஆட்சியில், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி அதன் பயனை முதலில் அனுபவித்த ஊர். 2004 ஆழிப்பேரலையில் அடிபட்ட, சிறைச்சாலையால் மட்டும் அறியப்பட்டிருந்த அந்தத் தீவு, சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு விருந்தினர் இல்லங்களால் நிறைந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் படகு ஓட்டவும், முக்குளிக்கக் கற்றுத்தரவும், சொந்தமாக விடுதி நடத்தவும் ஆரம்பித்தார்கள். வேலைக்காக வீட்டைப் பிரிந்து விடுதித் தீவில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்த நிலையோடு ஒப்பிட்டால், இது பெரிய மாற்றம்.

அடுத்த கேள்வி, எப்போது போவது? நம் ஊரில் இதைத் தீர்மானிப்பது பயண முகவரைவிட முகூர்த்த நாள்தான். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று வீசும். அதற்கு 'இருவாய்' என்று பெயர். வானம் தெளிந்து கடல் அடங்கியிருக்கும். கட்டணமோ உச்சத்தில் இருக்கும். தை, மாசி, பங்குனிக் கல்யாணங்கள் இந்தப் பருவத்தில் விழுகின்றன. மே முதல் நவம்பர் வரை 'ஹுல்ஹங்கு' எனப்படும் தென்மேற்குப் பருவம். வைகாசியிலும் ஆவணியிலும் மணமுடிப்பவர்களிடம் முகவர்கள் இதை 'ஆஃப் சீசன்' என்று சொல்லி வேறு ஊருக்குத் திருப்பிவிடுவதுண்டு. வைகாசி விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பருவமழை இறங்கும் வேளையில் காற்றும் அலையும் கடுமையாகவே இருக்கும்.

ஆவணியின் கதை வேறு. பா அடோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்றொரு சிறு விரிகுடா உள்ளது. தென்மேற்குப் பருவத்தின் நீரோட்டம் மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்டு வந்து அதற்குள் குவிக்கிறது. அவற்றைத் தின்ன, மாண்டா எனப்படும் பெரிய கொம்புத் திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வந்து வாயைத் திறந்தபடி வட்டமிடுகின்றன. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இந்தக் காட்சி உச்சத்தில் இருக்கும். தெளிந்த வானமுள்ள பிப்ரவரியில் போனால் இது கிடைக்காது. 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக உள்ள பா அடோலில், ஹனிஃபாருவுக்குள் காற்று உருளையோடு இறங்க அனுமதியில்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டுமே. அங்கிருந்து சில நிமிடப் படகுத் தூரத்தில் உள்ள தரவந்தூ, மக்கள் வாழும் தீவு. உள்நாட்டு விமான நிலையமும் விருந்தினர் இல்லங்களும் அங்கே இருக்கின்றன. இவ்வளவு பொருத்தமாக அமைந்த இடத்தை ஆவணித் தம்பதிகளுக்குச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையத்தில் காட்டும் அறைக் கட்டணம் பெரும்பாலும் முழுக் கட்டணமல்ல. இரவுக்கு 500 டாலர் என்றால் 10 சதவீத சேவைக் கட்டணம், அதன்மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீதமாக உயர்ந்த சுற்றுலா வரி, விடுதித் தீவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி எல்லாம் சேர்ந்து இருவருக்கு 660 டாலரைத் தாண்டும். மக்கள் வாழும் தீவின் சிறிய விருந்தினர் இல்லங்களில் பசுமை வரி 6 டாலர்தான். பெரிய செலவு போக்குவரத்து. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்குவோர் தொலைவிலுள்ள விடுதிக்குப் போக முடியாமல் ஓர் இரவை மாலேயிலோ அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ கழிக்க நேரும்.

இந்தத் தீவுகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை 2014 டிசம்பர் காட்டியது. மாலேயின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்ததும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் குடிநீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. விடுதி அறையில் ஓடும் ஒவ்வொரு குடம் நன்னீரும் டீசல் எரித்து உப்பு நீக்கியதாகவே பெரும்பாலும் இருக்கிறது. குப்பையின் கதை இதைவிட மோசம். மாலேக்கு அருகே திலாஃபுஷியில் 1992 முதல் குப்பையைக் கொட்டிக் கொட்டியே ஒரு தீவை எழுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எழுந்த புகையைப் பல ஆண்டுகள் தலைநகரம் சுவாசித்தது.

கடலுக்கடியிலும் இழப்புதான். 1998இல் கடல்நீர் சூடேறியபோது ஆழமற்ற பகுதிகளின் பவளங்கள் பெருமளவு வெளுத்து மடிந்தன. மீண்டு வந்துகொண்டிருந்தவற்றை 2016 மறுபடி அடித்தது. 2024இலும் வெப்பம் விடவில்லை. படத்தில் மின்னும் அந்த வெண்மணலில் பெரும்பங்கு, பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் அரைத்துக் கழித்த துகள். பாறை சாகும்போது கரையின் மணல்வரத்தும் குறைகிறது. ஆகவே பவளத்தின் மேல் கால் வைக்காதிருப்பது வெறும் நாகரிகமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தீவின் நிலமே அதைச் சார்ந்திருக்கிறது.

மக்கள் வாழும் தீவுக்குப் போகும் தம்பதி அந்த மக்களின் வாழ்முறையை மதிக்க வேண்டும். மாலத்தீவு முழுமையாக இஸ்லாமிய நாடு. மது விடுதித் தீவுகளிலும் பயணப் படகுகளிலும் மட்டுமே. நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரச் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை என்பதைப் பெட்டியில் சிறு விக்கிரகம் வைத்துக் கொடுக்கும் அம்மாக்கள் அறிந்திருப்பது நல்லது. பதிலுக்குக் கிடைப்பது பெரிது. காலையில் தேங்காய்த் துருவலும் சூரையும் வெங்காயமும் பிசைந்த 'மாஸ் ஹுனி'யை மெல்லிய ரொட்டியோடு சாப்பிடும்போது, தூத்துக்குடிக்காரருக்கு அது அந்நியமாக இருக்காது. அவர் வீட்டுச் சமையலறை மாசிக் கருவாட்டின் பூர்வீகம் இந்தத் தீவுகள்தான்.

2024 ஜனவரியில் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் இடையே எழுந்த அரசியல் சர்ச்சைக்குப் பின் 'மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவுக்குப் போவோம்' என்ற குரல் பலமாக எழுந்தது. 2023இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிய இந்தியப் பயணிகள் எண்ணிக்கை மறு ஆண்டே வெகுவாகச் சரிந்தது. கோபத்தில் ஊரை மாற்றுவது தேனிலவுக்கும் நல்லதல்ல, லட்சத்தீவுக்கும் நல்லதல்ல. மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் நிலத்தில், பத்துத் தீவுகளில் 64,000க்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. அந்தக் கட்டுப்பாட்டைத் தொந்தரவாக நினைப்பவர்கள் அது எதைக் காக்கிறது என்று யோசிக்கவேண்டும். பருவமழைக் காலத்தில் கப்பல்களும் குறைந்துவிடும் என்பதால், ஆவணித் தம்பதிக்கு லட்சத்தீவு பொருந்தாது. தை மாதத் தம்பதி பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்தால் அருமையான இடம்.

ஆவணியில் மாலத்தீவு போக முடிவெடுத்தவர்கள் முதல் இரண்டு மூன்று இரவுகளைத் தரவந்தூவில் வைத்துக்கொள்ளலாம். காற்று பலமாகி ஹனிஃபாருவுக்கு ஒரு நாள் போக முடியாமல் போனாலும் மறுநாள் இருக்கும். பிறகு அதே அடோலில் ஒரு விடுதிக்குப் படகில் மாறிக்கொண்டால் கடல் விமானச் செலவு குறையும். ஊர் திரும்பும் விமானம் பிற்பகலுக்கு மேல் இருக்குமாறு பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதிகாலை விமானமென்றால் கடைசி இரவை மாலேயில் தங்கித்தான் கழிக்க வேண்டியிருக்கும்.